ஸ்டேப்ளர் பின்னில் உட்கார்ந்த அணில்

எங்கள் குடியிருப்புக்கு எதிரே, காட்டுப்பாக்கம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் முனையில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அந்தக் கடையில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அது முதலாளி ஜானகிராமனுடையது. அவர் வெளியே போயிருக்கும் நேரத்திலும் அவருடைய துண்டு அதில் உட்கார்ந்திருக்கும். அங்கே வேலை பார்க்கும் ஷரீஃபுன்னிசா, எனக்கு ஷரீபாக்கா, உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காலையில் நான் ஆபீஸ் வண்டிக்கு நிற்கும்போது கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். சாயங்காலம் நான் வந்து இறங்கும்போதும் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார். ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் கெண்டையைத் தேய்த்துக்கொள்வது மட்டும் நடுநடுவே நடக்கும். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்திருக்கிறது.

"மருந்துக்கடையிலேயே வேலை பாக்கறீங்க, இதுக்கு ஒரு மருந்து கிடையாதாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உக்காந்தா சரியாப் பூடும்னு டாக்டரு சொன்னாரு மேடம். அந்த மருந்து மட்டும் இந்தக் கடையில ஸ்டாக் இல்ல."

நான் யாரையும் சட்டென்று பாராட்டிவிடுகிற ஆள் இல்லை. அதிலும் படம் வரைகிறவர்களை. என் பிழைப்பே படம்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு விளம்பரக் கம்பெனியில், ஒரே படத்தைப் போனுக்கு ஒரு அளவு, கம்ப்யூட்டருக்கு ஒரு அளவு, ரோட்டோரப் பலகைக்கு ஒரு அளவு என்று வெட்டிக் கொடுக்கும் வேலை. பட்டுப்புடவை கட்டிய பெண் சிரிக்கிறாள். அவள் காதும் அறுபடக் கூடாது, கடையின் பெயரும் அறுபடக் கூடாது. நான் வெட்டிய படம் லட்சக்கணக்கான பேரின் போனுக்குப் போகிறது என்று மாதாமாதம் ஒரு மீட்டிங் போட்டுச் சொல்வார்கள். வானகரம் பக்கம் டிராஃபிக்கில் வண்டி நிற்கும்போது பக்கத்து சீட்டில் இருப்பவரை எட்டிப் பார்ப்பேன். என் படம் வரும். அவர் கட்டை விரலால் மேலே தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நானும் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருக்கிறேன், குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அப்படிப்பட்ட எனக்கு ஷரீபாக்காவின் படம் ஒன்று முதன்முதலில் தைராய்டு மாத்திரையோடு வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. முழு அட்டை மாத்திரை வாங்குகிறவர்கள் குறைவு. கேட்ட அளவுக்குக் கத்தரிக்கோலால் நறுக்கி, உள்ளங்கை அகலக் காகிதக் கவரில் போட்டு, வாயை மடித்து, ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுப்பார்கள். எப்போது சாப்பிட வேண்டும் என்பதை மேலே கிறுக்குவார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலை என்றால் சூரியன், ராத்திரி என்றால் நிலா. எல்லாக் கடையிலும் சூரியன் என்பது ஒரு வட்டமும் நாலு கோடும்தான். ஷரீபாக்காவின் சூரியனுக்கு முகம் உண்டு. சாப்பாட்டுக்கு முன் என்றால் அது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பசியோடு நிற்கும். சாப்பாட்டுக்குப் பின் என்றால் தொப்பையில் கை வைத்து ஏப்பம் விடும். எல்லாம் கட்டை விரல் நகத்தளவுதான். நீலப் பால்பாயின்ட் பேனா, அதுவும் ஏதோ மருந்துக் கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்தது.

என் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, காபிக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். என் கவரில் தட்டு போட்டு மூடிய ஒரு காபி டம்ளர். பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த டம்ளரை முறைக்கும் ஒரு பொம்பளை. அவள் மூக்கு என் மூக்கு. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன், மூக்கு நியாயமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் அடுப்படியில் நின்று அந்தக் கவரைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

ஷரீபாக்காவுக்குப் பூந்தமல்லி. வீட்டுக்காரர் பஷீருதீன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். மகள் இனாயா காலேஜில் படிக்கிறாள். ஷரீபாக்கா பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணமாகி, இரண்டு மூன்று மருந்துக்கடை மாறி இங்கே வந்து சேர்ந்தவர். படம் வரையக் கற்றுக்கொண்டவர் இல்லை. இனாயா ஒருமுறை தன் போனில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டு, "இதுல வரைம்மா, கலரெல்லாம் வரும்" என்று கொடுத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ரெண்டு விரல வெச்சி இழுத்தா பெருசாவுது மேடம். இன்னும் இழுத்தா இன்னும் பெருசாவுது. எங்க நிறுத்தறதுன்னே தெர்ல. கவருன்னா எடம் தீந்துபூடும், நானும் நிறுத்திடுவேன். நாள் பூரா நின்னுகினே கீறேன் இல்ல, அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குக் காலுன்னு ஒண்ணு இருக்கறது மறந்து கெடக்கும்."

இதைச் சொல்லும்போதே யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்து, யாருக்கோ சில்லறை இல்லை என்று கையை விரித்தார்.

மனோகரன் சார் எங்கள் குடியிருப்பில்தான், நான் இருக்கும் அதே சி பிளாக்கில் இருக்கிறார். ஆவடியில் ஃபேக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேக்காட்டில் சொந்த வீடு இருந்தது. மனைவி இறந்த பிறகு, அந்த வீட்டில் தனியாக இருக்கக் கூடாது என்று மகள் சுரேகா அவரை இங்கே ஃப்ளாட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாள். அவள் இருப்பது புனேயில். ஆகவே இங்கேயும் அவர் தனியாகத்தான் இருந்தார். லிஃப்ட் உண்டு, வித்தியாசம் அவ்வளவுதான். லிஃப்டில் அவரைப் பார்த்தால் நான் வணக்கம் சொல்வேன். அவர் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் மருந்துக்கடைக்கு வந்து முதலில் கேட்டது அவருக்கான மருந்தே இல்லை. நான் அப்போது கடையில் இருந்தேன்.

"அணிலுக்கு எதுனா மருந்து கீதா? பால்கனில கடலை காயவெச்சா, வந்து தின்னுட்டுப் போயிடுது."

"எதுக்கு சார், அதுக்கும் பிரஷரா?" என்றார் ஷரீபாக்கா.

அவர் சிரிக்கவில்லை. தன் பிரஷர் மாத்திரைக்கான சீட்டை எடுத்து வைத்தார். ஷரீபாக்கா மாத்திரையை நறுக்கி, கவரில் போட்டு, பின் அடித்து, பேனாவை எடுத்தார். அடித்த பின் ஒரு கிளை ஆயிற்று. மடித்த வாயின் மேலும் கவரின் உடம்பிலுமாக, அந்தக் கிளையில் ஓர் அணில் குந்தியது. வால் மேலே சுருண்டிருந்தது. இரண்டு கையிலும் ஒரு கடலையைப் பிடித்துக்கொண்டு, திருட்டுத்தனமாக ஒரு பக்கமாகப் பார்த்தது. மனோகரன் சார் அதை வாங்கிக்கொண்டு நகரவே இல்லை. பின்னால் நின்றவர் "சார், கொஞ்சம் தள்ளுங்க" என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே மறுபடியும் வந்தார். "அணிலு இன்னா சார் பண்ணுது?" என்று ஷரீபாக்கா கேட்டார். அவர் சொன்னார். அதற்கடுத்த வாரம் கேட்காமலேயே சொன்னார். அணிலின் வாலில் ஒரு பக்கம் முடி இல்லை. அது குக்கர் விசில் அடித்தால் ஓடாது, மிக்ஸிக்குத்தான் ஓடும். கொடியில் காயும் பனியனுக்குள் புகுந்து எட்டிப் பார்க்கிறது. கேட்டதையெல்லாம் ஷரீபாக்கா நகத்தளவில் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் பின்தான் கிளை.

மொத்தமாக ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொண்டால் தள்ளுபடி தருகிறேன் என்று ஜானகிராமன் சொல்லிப் பார்த்தார். மனோகரன் சார் வேண்டாம் என்றுவிட்டார். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் ஒரே கவரில் போகக் கூடாது, தனித்தனியாக வேண்டும் என்றார். எங்களுக்கெல்லாம் இது ஒரு வேடிக்கை. மனுஷன் வாரா வாரம் நடந்து வருகிறார், ஒழுங்காக மருந்து வாங்குகிறார் என்று ஜானகிராமனுக்கும் சந்தோஷம்தான்.

லிஃப்டில் அவர் என்னிடம் முதலில் பேசியதும் அந்தக் கவரைக் காட்டித்தான். "என் போன்ல தெனமும் குட்மார்னிங் படம் வருதும்மா. ரோஜா, சூரியன், சாமி. எல்லாருக்கும் வர்றது எனக்கும் வருது. இது எங்க ஊட்டு அணிலு. வால பாருங்க, ஒரு பக்கம் முடி இல்ல. நான் சொன்னேன், அத்தயும் போட்டுக் குடுத்துகீது அந்தம்மா" என்றார். அவருடைய ஐந்தாவது மாடி வந்தும் இறங்காமல், என்னோடு ஏழாவது வரை வந்துவிட்டுக் கீழே போனார்.

பிறகு ஜானகிராமன் லேபிள் அடிக்கும் மெஷின் வாங்கினார். பில் போட்டதும் பேர், மருந்து, நேரம் எல்லாம் ஸ்டிக்கராக வந்து விழும். "இன்னும் எதுக்கு படம் ஷரீபா? கூட்டம் நிக்குது பாரு" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை, கூட்டம் நிற்கத்தான் செய்தது. என் கவரில் முறைக்கும் பொம்பளை போய், காலைக்கு ஒன்று, மற்ற வேளைக்குப் பூஜ்யம் என்று எண்கள் வந்தன. மனோகரன் சாருக்கு மட்டும், ஸ்டிக்கரைப் பின்பக்கம் ஒட்டிவிட்டு, முன்பக்கம் அணில் தொடர்ந்தது. முதலாளியும் கண்டுகொள்ளாமல் விட்டார்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு காலை, மனோகரன் சார் குளியலறையில் விழுந்துவிட்டார். வேலைக்கு வந்த அம்மா கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டிருக்கிறார். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறி, மூளையில் லேசான பாதிப்பு; இடது கை சரியாகத் தூக்க வரவில்லை. சுரேகா புனேயிலிருந்து ஓடி வந்தாள்.

இரண்டு நாள் கழித்து, நான் கடையில் நின்றுகொண்டிருந்தபோது அவள் வந்தாள். முகத்தில் தூக்கமே இல்லை. கையில் ஒரு துணிப்பை.

"எங்கப்பாவுக்கு இங்கதான மருந்து வாங்கறது?"

ஜானகிராமன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "ஆமாம்மா. பாருங்க, ஒரு வாரம்கூட விடாம வாங்கியிருக்காரு. எல்லாம் ஏறியிருக்கு."

"வாங்கியிருக்காரு. சாப்பிடல," என்று சொல்லி, பையைக் கண்ணாடிக் கவுண்டர் மேல் கவிழ்த்தாள்.

கவர்கள். எல்லாம் பின் அடித்தபடியே இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது.

"ஷோகேஸ்ல எங்கம்மா படத்துக்குக் கீழ வரிசையா நிக்க வெச்சிருக்காரு. ஏம்பா பிரிக்கலன்னு கேட்டா, பின்னை எடுத்தா அணில் உடம்பு ரெண்டாப் போயிடும்னு சொல்றாரு. இதெல்லாம் ஒரு பதிலாங்க?"

"அடிப்பக்கமாக் கிழிச்சு எடுத்திருக்கலாமேம்மா," என்றார் கியூவில் நின்ற ஒருவர், உதவி செய்கிற நினைப்பில்.

"அதுவும் செஞ்சு பாத்தாராம். உள்ள அட்டை இல்லன்னா கவர் நிக்க மாட்டேங்குதாம். அணில் வயிறு ஒட்டிப்போயிடுதாம். தினம் ஒரு மாத்திரை போடலன்னா என்ன ஆயிடும், எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலயேன்னு விட்டுட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் போனது. ஷரீபாக்கா ஒரு கவரை எடுத்தார். நகத்தைப் பின்னுக்கு அடியில் கொடுத்துக் கொஞ்சம் நெம்பினார். மடிப்பு விலகியது. அணிலின் கழுத்துக்கு மேலே ஒரு பக்கமும் கழுத்துக்குக் கீழே ஒரு பக்கமும் பிரிந்தன. சட்டென்று கையை எடுத்துவிட்டார். எங்களுக்கெல்லாம் புரிவதற்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"என் தப்புதாம்மா," என்றார். "பின்னு மேல வரைஞ்சேன். அத்தப் பிரிக்கணுமேன்னு எனக்குத் தோணவே இல்ல."

சுரேகா திட்டுவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் கவர்கள் மேல் கண் போய்விட்டது. நானும் அப்போதுதான் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தேன். பனியனுக்குள் அணில், மிக்ஸிக்குப் பயந்து தாவும் அணில், மழையில் வாலைக் குடையாகப் பிடித்த அணில். ஒரு கவரில் அணில் மட்டும் ஓரமாக, ரொம்பச் சின்னதாக இருந்தது. எதிரே ஒரு பிரம்பு நாற்காலி, காலியாக. கைப்பிடியில் ஒரு பக்கம் பிரம்பு அவிழ்ந்து தொங்கியது. அதை அணில் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பேனாக் கோடு பத்துப் பதினைந்துகூட இருக்காது.

சுரேகா அதைக் கையில் எடுத்தாள். "இது எங்கம்மா நாற்காலி," என்றாள்.

"சாருதான் சொன்னாரு. அங்கதான் உக்காந்து அவங்க கடலை உரிப்பாங்களாம்," என்றார் ஷரீபாக்கா.

"என்கிட்ட அவர் ஒரு நாள்கூடச் சொன்னதில்ல. வீடியோ கால்ல கேட்டா, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதான் சொல்வாரு." அவள் அழுதாள். ஜானகிராமன் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் போன பிறகு ஜானகிராமன், "இனிமே கவர்ல ஒரு கோடுகூடக் கூடாது ஷரீபா" என்றார். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். ஷரீபாக்கா பேனாவை ஏற்கனவே டிராயருக்குள் போட்டு மூடியிருந்தார்.

அதற்குப் பிறகான வாரங்களில் அவரைப் பார்க்கவே எனக்குச் சலிப்பாக இருந்தது. கேட்டதை எடுத்தார், ஸ்டிக்கர் ஒட்டினார், கொடுத்தார். யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. காலைத் தேய்த்துக்கொள்வது மட்டும் அதிகமாகியிருந்தது.

"நீங்க என்னக்கா விஷமா குடுத்தீங்க? எதுக்கு இப்படி இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மருந்தக் குடுத்துட்டு, அத்தத் தொறக்க விடாம பண்ணிட்டேனே மேடம். அது வெஷத்தவிட மோசம். அந்தாளு செத்திருந்தா நான் எங்க போயி நிப்பேன்?"

நான் எதிர்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆபீஸிலிருந்து வந்த அலுப்பில் என் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனோகரன் சார் வீடு திரும்பினார். சுரேகா ஒன்றும் குறை வைக்கவில்லை. கிழமை வாரியாகக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பா வாங்கினாள். போனில் ஒரு ஆப் போட்டாள். மாத்திரை நேரத்துக்கு அது மணி அடிக்கும். சாப்பிட்டாயிற்று என்று பச்சைப் பொத்தானை அழுத்தும் வரை நிறுத்தாது. அழுத்தாவிட்டால் அவள் போனுக்குத் தகவல் போகும். பச்சையை அழுத்தினால் போன் வாயை மூடிக்கொள்ளும் என்பதை அவர் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். டப்பாவில் மாத்திரை அப்படியே இருந்தது, ஆப்பில் எல்லாமே பச்சையாக இருந்தது. அந்த மாதிரிப் பொத்தான்களுக்குப் படம் வெட்டிக் கொடுக்கிற நான் இதில் கருத்துச் சொல்லவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சுரேகா மறுபடி கடைக்கு வந்தாள். நான் என் மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். இந்த முறை அவளுக்குச் சத்தம் போடத் தெம்பே இல்லை.

"லீவு முடிஞ்சிடுச்சு. நாளைக்குப் போயே ஆகணும். கூட வாங்கன்னா வர மாட்டேங்கிறாரு. மாத்திரை எதுக்குன்னு கேக்கறாரு. கோபத்துல கேக்கல, நிஜமாவே எதுக்குன்னு கேக்கறாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு நானே போய்ச் சொல்லிட்டு வந்தேன்மா. தலைய ஆட்டினாரு," என்றார் ஜானகிராமன்.

"தலைய நல்லா ஆட்டுவாரு," என்றாள் சுரேகா. பிறகு ஷரீபாக்காவைப் பார்த்தாள். "நீங்க சொன்னா கேப்பாரு. திரும்ப வரைஞ்சு குடுங்களேன்."

"வேணாம்மா." ஷரீபாக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "என் கை ஒரு தபா போதும். இன்னொரு தபா எதுனா ஆச்சின்னா என்னால தாங்க முடியாது."

சுரேகா வற்புறுத்தவில்லை. மாத்திரைக்குச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் பழம் வாங்கிக்கொண்டு வருவதாகப் போனாள். ஷரீபாக்கா அலமாரியிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்தார். கவரை எடுக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்து வெள்ளித்தாளைப் பார்த்தபடி நின்றார். மாத்திரை ஒவ்வொன்றின் முதுகிலும் அந்தத் தாள் லேசாகப் புடைத்திருந்தது.

"மேடம், அணிலு கடலைய ஓட்டோடத் தின்னுமா, ஒடச்சித் தின்னுமா?"

"உடைச்சுத்தான்க்கா தின்னும்," என்றேன். எனக்கு எங்கே தெரியும்? ஆனால் அந்த நேரத்தில் தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை.

டிராயரிலிருந்து, அட்டையில் எழுதுவதற்கென்று வைத்திருக்கும் மார்க்கரை எடுத்தார். மாத்திரையின் முதுகில், எழுத்துகளுக்கு நடுவே, ஒரு கடலை விழுந்தது. இடுப்பு ஒடுங்கி, ஓட்டில் வரி ஓடிய முழுக் கடலை. அடுத்த மாத்திரைக்கு இன்னொன்று. ஒன்று கொஞ்சம் கோணல், ஒன்று ஒற்றைப் பருப்புக் கடலை. அட்டையின் ஓரத்தில், மாத்திரை இல்லாத ஒட்டுப் பட்டையில், அணில் உட்கார்ந்தது. இந்த முறை அதன் கையில் ஒன்றும் இல்லை. வயிறு ஒட்டியிருந்தது. கடலைகளைப் பார்த்துக் கையைக் கூப்பியது போல வைத்திருந்தது. வாலில் ஒரு பக்கம் முடி இல்லை.

ஜானகிராமன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். தடுப்பார் என்று நினைத்தேன். "காலாவதித் தேதி மேல மார்க்கர் படாம பாத்துக்க" என்றார்.

சுரேகா பழத்தோடு வந்ததும் ஷரீபாக்கா அட்டையைக் கவரில் போடாமல் அப்படியே கையில் கொடுத்தார். "இத்த சாருகிட்ட குடுத்துட்டு சொல்லும்மா. தெனம் ஒண்ணு ஒடைக்கணும். ஒடைக்கலன்னா அன்னிக்கு அது பட்டினி. மத்த மாத்திரையும் இதோட சேத்துத்தான் போடணும்."

சுரேகா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷரீபாக்காவின் கையை ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டுக் கிளம்பினாள். மறுநாள் காலை விமானத்தில் போய்விட்டாள்.

அதன் பிறகு ஷரீபாக்கா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் வண்டியிலிருந்து இறங்கும்போதே கவுண்டரிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிடுவார். "சாரு எப்பிடி கீறாரு மேடம்? லைட்டு எரியுதா?" எரிகிறது என்பேன். "நீங்களே போயி ஒரு தபா பாக்கலாம் இல்ல?" போனேன். மனோகரன் சார் கதவைத் திறந்து, உள்ளே கூப்பிடாமல், நன்றாக இருப்பதாகச் சொல்லி மூடிக்கொண்டார். மாத்திரை பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொன்னதும் ஷரீபாக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "மறுபடியும் ஷோகேஸ்ல வெச்சிட்டாரோ இன்னாவோ" என்றார். கடலை போட்டது பெரிய முட்டாள்தனம் என்று ஒருநாள் சொன்னார். நோயாளிக்கு விளையாட்டுக் காட்ட நான் யார் என்று இன்னொரு நாள். அவர் புலம்பலைக் கேட்டுக் கேட்டு, வண்டியிலிருந்து இறங்கியதும் நானும் ஐந்தாவது மாடியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கைத்தடி ஊன்றி, இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி மனோகரன் சார் ரோட்டைக் கடந்து வந்தார். நான் கடையில்தான் இருந்தேன். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

வெள்ளித்தாள் முழுக்கக் கிழிந்திருந்தது. ஒவ்வொரு கடலையும் நடுவில் பிளந்து, ஓடு மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே காலி. ஷரீபாக்கா விரலால் ஒவ்வொரு குழியாகத் தடவிக்கொண்டே போனார். கடைசி வரிசையில் விரல் நின்றது. ஒரு கடலை உடையாமல் இருந்தது.

"இது இன்னா சார்?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "நேத்து என் சம்சாரம் திதி. ஐயர் வந்துட்டுப் போனாரு. அன்னிக்கு நான் ஒருவேளைதான் சாப்புட்டேன். அணிலும் விரதம் இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

ஜானகிராமன் வாயைத் திறந்தார், திட்டத்தான். ஷரீபாக்கா கையைக் காட்டி நிறுத்தினார். முதலாளியிடம் அவர் அப்படிக் கை காட்டி நான் பார்த்ததில்லை.

"இன்னிக்கி மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல. அதான் தீந்துபோச்சுன்னு வந்தேன்."

"தீரல, ஒண்ணு கீதே." தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார். "நாங்களும் நோன்பு வெப்போம் சார். வெயில்ல, இங்கயே நின்னுகினு, பச்சத் தண்ணி பல்லுல படாம வெப்போம். வெச்சா சாயங்காலம் தொறக்கணும். தொறக்காத நோன்பு நோன்பே இல்ல. அத்த ரெண்டு நாளா பட்டினி போட்டுகீறீங்க. ஒடைங்க."

மனோகரன் சார் அட்டையைக் கையில் எடுத்தார். இடது கை பிடிக்க வரவில்லை, அட்டை வழுக்கியது. ஷரீபாக்கா உதவிக்குக் கையை நீட்டவில்லை. அவர் அட்டையைக் கவுண்டரில் ஊன்றி, வலது கட்டை விரலால் அழுத்தினார். டப்பென்று கடலை உடைந்தது. மாத்திரையை வாயில் போட்டு, பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குடித்து முடித்ததும் அட்டையைத் திருப்பி அணிலை ஒருமுறை பார்த்தார். சட்டைப் பைக்குத்தான் கொண்டுபோவார் என்று நினைத்தேன். குனிந்து, கவுண்டருக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையில் போட்டார்.

"வேற குடும்மா," என்றார். "இப்ப ரெண்டு அணிலு வருது. அத்துக்குத் தக்கன போடு."

ஷரீபாக்கா புது அட்டையை எடுத்துத் திருப்பினார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மார்க்கர் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். மனோகரன் சாருக்குப் பின்னால் சர்க்கரை மருந்துக்கு ஒருவர், குழந்தைக் காய்ச்சலுக்கு ஒருவர் என்று கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. ஜானகிராமன் தானே எழுந்து அவர்களைக் கவனிக்கப் போனார். நாற்காலியில் துண்டு உட்கார்ந்திருந்தது. ஷரீபாக்கா ஒரு காலைத் தூக்கி மற்றக் காலைத் தேய்த்தபடி, நின்றுகொண்டே முதல் கடலையைப் போட்டார்.